ஏலத்துக்கு ஏலம்: விலை கேட்பதில் கணக்கும் நெறியும்

தமிழில் 'ஏலம்' என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று, மலையில் விளையும் ஏலம். தாவரவியலார் இச்செடிக்கு இட்ட 'எலெட்டாரியா' என்ற பெயரும் மலையாளத்து 'ஏலத்தரி'யிலிருந்து பிறந்ததுதான். மற்றொன்று, பலர் கூடி விலை கேட்கும் ஏலம். இந்தச் சொல் போர்த்துகீசியரிடமிருந்து வந்தது என்று சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் அகராதி குறிக்கிறது. அவர்களுடைய 'லெய்லாவ்' நம்மிடம் 'ஏலம்' ஆயிற்று. மலையாளத்தார் முதலில் வரும் லகரத்தை விடாமல் 'லேலம்' என்கிறார்கள். ஆக, ஒன்று மண்ணில் பிறந்த சொல், மற்றொன்று கப்பலில் வந்த சொல். இரண்டும் ஒன்றாகக் கூடும் இடம் இடுக்கி மாவட்டத்து எல்லையில் உள்ளது. வண்டன்மேட்டை அடுத்த புத்தடியிலும், மலைக்குக் கீழே தமிழ்நாட்டுப் போடிநாயக்கனூரிலும் ஏலக்காய் ஏலம் நடக்கிறது. அது இன்று கணினித் திரையில் நடக்கும் ஏலம்.

நம் சங்கக் குடும்பங்களில் பல, பாலக்காடு முதல் இடுக்கி வரையுள்ள எல்லைப் பகுதியிலிருந்து பிழைப்புக்காக வெளியேறியவை. பாலக்காட்டிலிருந்து கணக்கெழுதவும் சமையலுக்கும் போனவர்கள் உண்டு. கம்பம், போடி, குமுளிப் பக்கத்திலிருந்து ஏலத்தோட்ட வேலைக்குப் போய், அடுத்த தலைமுறையில் நகரங்களுக்கு வந்தவர்களும் உண்டு. நான் வண்டன்மேட்டுப் பக்கம் ஏலத்தோட்டங்களில் கணக்கெழுதிப் பல ஆண்டுகள் கழித்தவன். அண்மைக் காலமாக நம் இளைஞர்கள் என்னிடம், "வங்கி ஏலத்தில் வீடு வருகிறது, கைபேசியிலேயே கேட்கலாமாம். எப்படிக் கேட்பது? எதுவரை கேட்பது?" என்று விசாரிக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்ல வேண்டியதெல்லாம் அந்த ஏலக்காய்க் கூடத்திலேயே இருக்கிறது. ஆகவே அதையே பாடமாக எடுத்துக்கொள்வோம்.

துண்டுக்கு அடியிலிருந்து திரைக்கு

பாலக்காட்டு வாணியங்குளம் மாட்டுச் சந்தையையோ பொள்ளாச்சிச் சந்தையையோ பார்த்தவர்களுக்கு ஒரு காட்சி நினைவிருக்கும். தரகரும் வாங்குபவரும் கைகளைத் துண்டுக்கு அடியில் கோத்துக்கொள்வார்கள். விரலைப் பிடிப்பதிலேயே விலை பேசி முடியும். பக்கத்தில் நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. அந்த விலை இருவருக்கு மட்டும் சொந்தம். அடுத்த மாட்டுக்காரன் அதிலிருந்து எதையும் கற்றுக்கொள்ள முடியாது.

ஏலம் இதற்கு நேர்மாறானது. அங்கே விலை எல்லோருடைய காதிலும் விழ வேண்டும். ஏலக்காய்க்கு இந்த முறையை ஒழுங்குபடுத்தும் பொறுப்பு நறுமணப் பொருள் வாரியத்துக்கு, அதாவது ஸ்பைசஸ் போர்டுக்கு உண்டு. 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி 1987இல் அமைந்த வாரியம் இது. ஏலம் நடத்துவோரும் வாங்கும் வியாபாரிகளும் வாரியத்திடம் உரிமம் பெற வேண்டும் என்று 1987ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. முன்பெல்லாம் கூடத்தில் வாய்விட்டு விலை கேட்பார்கள். 2007இல் மின்னணு ஏலம் வந்தது. வியாபாரி தன் மேசையில் உள்ள கருவியில் விலையைக் கேட்க, பெரிய திரையில் அது தெரியும். பின்னர் போடி, புத்தடி இரண்டையும் இணைத்து, ஒரு மையத்தில் இருந்தபடியே மற்றதன் ஏலத்திலும் கேட்கும் வசதி செய்யப்பட்டது.

கணினி வந்ததால் கூச்சல் குறைந்தது. யார் முதலில் கேட்டார் என்ற சச்சரவும் குறைந்தது. ஆனால் கேட்பவன் மனத்தில் இருப்பதைக் கணினி மாற்றுவதில்லை. கணக்கும் நெறியும் இன்னும் மனிதனிடம்தான் உள்ளன.

கூடத்தில் நடப்பது என்ன?

செடியிலிருந்து பறித்த பச்சைக்காயை ஸ்டோரில் உலர்த்துவார்கள். ஏறக்குறைய 5 கிலோ பச்சைக்காய் 1 கிலோ உலர்ந்த காயாகும். விவசாயி தன் காயை ஏல நிறுவனத்திடம் கொடுத்துப் பதிவு செய்கிறார். ஒவ்வொருவருடைய சரக்கும் எண்ணிட்ட ஒரு லாட் ஆகிறது. அதிலிருந்து எடுத்த சாம்பிள் வியாபாரிகளுக்குத் தரப்படுகிறது.

வியாபாரி சாம்பிளைக் கையில் கொட்டி நிறம் பார்க்கிறார், பருமன் பார்க்கிறார், வெடித்த காய் எத்தனை என்று பார்க்கிறார், முகர்ந்து பார்க்கிறார். ஒரு லிட்டர் அளவில் எத்தனை கிராம் நிற்கும் என்பதை 'லிட்டர் எடை' என்பார்கள். உள்ளே விதை நிறைந்த காய் கனமாக நிற்கும், பொக்கான காய் லேசாக நிற்கும். இதையெல்லாம் பார்த்து மனத்துக்குள் ஒரு விலை போட்ட பிறகே அவர் திரையைப் பார்க்கிறார். லாட் எண் வரும், விலை ஏறும், மேற்கொண்டு யாரும் கேட்காவிட்டால் சில நொடிகளில் முடிந்துவிடும். கிடைத்த விலை பிடிக்கவில்லையென்றால் விவசாயி விற்க மறுத்துச் சரக்கைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

ஒவ்வொரு ஏலத்துக்குப் பிறகும் வந்த சரக்கு எவ்வளவு, விற்றது எவ்வளவு, அதிகபட்ச விலை என்ன, சராசரி விலை என்ன என்பது வெளியிடப்படுகிறது. இந்த நான்கு எண்களையும் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் இவை தேவைப்படும்.

முதற் பாடம்: எல்லையை முன்பே எழுது

ஓர் உதாரணக் கணக்கு போடுவோம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை.

ஒரு வியாபாரி வெளியூரில் கிலோ 3,000 ரூபாய்க்கு விற்க முடியும் என்று அறிவார். சலித்துப் பொறுக்கினால் 100 கிலோவில் 2 கிலோ கழியும். எனவே அவருக்குக் கிடைப்பது வாங்கும் கிலோ ஒன்றுக்கு 2,940 ரூபாய். கூலி, சாக்கு, லாரி எல்லாம் 60 ரூபாய். பணம் வரும்வரை வட்டி 50 ரூபாய். தம் குடும்பத்துக்கு வேண்டிய லாபம் 80 ரூபாய். மொத்தம் 190 ரூபாயைக் கழித்தால் 2,750 ரூபாய். இதுதான் அவருடைய எல்லை.

300 கிலோ லாட் திரையில் வருகிறது. போட்டி மும்முரமாகிறது. எதிரில் இருப்பவரிடம் விட்டுக்கொடுக்க மனமில்லாமல் 2,790 வரை கேட்டு எடுத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். கூடுதல் 40 ரூபாய்தானே என்று தோன்றும். ஆனால் அவர் எதிர்பார்த்த லாபமே 80 ரூபாய். அதில் பாதி போயிற்று. 300 கிலோவுக்கு 12,000 ரூபாய். 2,830க்கு எடுத்திருந்தால் லாபம் முழுவதும் போயிருக்கும். அதற்கு மேல் ஒவ்வொரு ரூபாயும் வீட்டுப் பணம்.

ஆகவே எல்லையைக் கூடத்துக்கு வருமுன் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். கூடத்தில் இருக்கும்போது போடும் கணக்கில் வீம்பு கலந்துவிடும். கோயில் திருவிழாவில் ஓர் எலுமிச்சையை ஆயிரக்கணக்கில் கேட்கிறோமே, அது காணிக்கை. அங்கே பணம் கொடுப்பதே நோக்கம். சரக்கு ஏலத்தில் அந்த மனநிலைக்கு இடமில்லை.

இரண்டாம் பாடம்: வென்றவன் ஏன் வருந்துகிறான்?

ஐந்து வியாபாரிகள் ஒரே லாட்டைப் பார்க்கிறார்கள். அதன் உண்மையான மதிப்பு 2,750 ரூபாய் என்று வைப்போம். ஐவரும் அனுபவசாலிகள்தான். ஆனாலும் கண்ணும் கையும் சற்று மாறும். ஒருவர் 2,650 என்கிறார், மற்றவர்கள் 2,700, 2,750, 2,800, 2,850 என்கிறார்கள். ஐந்தையும் கூட்டி வகுத்தால் சரியாக 2,750தான் வருகிறது. கூட்டமாகப் பார்த்தால் யாரும் தவறவில்லை.

ஆனால் லாட் யாருக்குப் போகும்? 2,850 என்று மதித்தவருக்குத்தான். 2,800 என்று மதித்தவர் அந்த விலையில் நின்றுவிட, இவர் அதற்குச் சற்று மேலே கேட்டு எடுக்கிறார். உண்மை மதிப்பைவிட 50 ரூபாய் அதிகம். ஏலம் தானாகவே மிகையாக மதித்தவரைத் தேடிப் பிடிக்கிறது.

1971இல் மூன்று அமெரிக்க எண்ணெய்ப் பொறியாளர்கள், கேப்பன், கிளாப், கேம்ப்பெல் என்போர், மெக்சிகோ வளைகுடாவின் எண்ணெய்ப் பரப்புகளை ஏலத்தில் எடுத்த நிறுவனங்கள் எதிர்பார்த்த வருமானம் பெறாததற்கு இதையே காரணமாகக் காட்டினார்கள். 'வென்றவனுக்கு வந்த சாபம்' என்று பொருளியலார் இதை அழைக்கிறார்கள். ஏலக் கோட்பாட்டுக்காகப் பால் மில்குரோம், ராபர்ட் வில்சன் இருவருக்கும் 2020இல் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது.

இதற்கு மருந்து என்ன? ஒன்று, சரக்கை மேலும் கவனமாகப் பார்ப்பது. இரண்டு, 'எல்லோரையும்விட நான் அதிகம் மதிக்கிறேன் என்றால், அவர்களுக்குத் தெரிந்து எனக்குத் தெரியாதது என்ன?' என்று கேட்டுக்கொண்டு எல்லையைச் சற்றுக் குறைத்து எழுதுவது. மறையூரில் கேரள வனத்துறையின் சந்தனக்கட்டைகள் எம்.எஸ்.டி.சி. என்னும் மத்திய அரசு நிறுவனத்தின் மின்னணு ஏலத்தில் விற்கப்படுகின்றன. எங்கிருந்தும் விலை கேட்கலாம். ஆனால் தொழில் தெரிந்தவர்கள் கட்டையைப் பார்க்காமல் கேட்பதில்லை. படத்தில் வாசனை தெரியாது.

மூன்றாம் பாடம்: கடைசி நொடியில் கேட்கலாமா?

இணைய ஏலங்களில் சிலவற்றுக்கு முடியும் நேரம் முன்பே குறித்திருக்கும். 1995இல் தொடங்கிய ஈபே இத்தகையது. அங்கே பலர் கடைசி நொடிவரை காத்திருந்து விலை கேட்பார்கள். வேறு சில ஏலங்களில், முடியும் தறுவாயில் யாரேனும் கேட்டால் நேரம் தானாகச் சில நிமிடம் நீளும். ஆல்வின் ரோத், ஆக்செல் ஆக்கன்ஃபெல்ஸ் என்ற இரு பொருளியலார் 2002இல் வெளியிட்ட ஆய்வில் இரண்டையும் ஒப்பிட்டார்கள். நேரம் நீளாத ஏலத்தில்தான் கடைசி நேரக் கேள்வி மிகுதி என்று கண்டார்கள்.

இது தவறா? என் கருத்தில் தவறில்லை. விதி எல்லோருக்கும் ஒன்றே. நம் எல்லையை மற்றவரிடம் சொல்லாமல் வைத்துக்கொள்வதும் குற்றமன்று. மௌனம் வேறு, பொய் வேறு. ஆனால் அதனால் பெரிய லாபமும் இல்லை. வில்லியம் விக்ரி என்ற அறிஞர் 1961இல் எழுதிய கட்டுரையில் ஓர் உண்மையை நிறுவினார். வெல்பவர் தம் விலையைக் கொடாமல் இரண்டாவது பெரிய விலையைக் கொடுத்தால் போதும் என்று ஏலம் அமைந்திருந்தால், அவரவர் தம் உண்மையான மதிப்பைக் கேட்பதே மிகச் சிறந்த உபாயம் என்றார். 1996இல் நோபல் பரிசு பெற்றவர் இவர். படிப்படியாக ஏறும் ஏலமும் ஏறக்குறைய இதேதான். அடுத்தவர் நின்ற இடத்துக்குச் சற்று மேலே நமக்குக் கிடைக்கிறது. ஆக, தன் மதிப்பை நேர்மையாக அறிந்து அதுவரை கேட்டு நிற்பவனே கெட்டிக்காரன். இந்த அளவில் கணக்கும் நெறியும் ஒரே பாதையில் போகின்றன.

பாதை பிரியும் இடம்

ஆனால் எப்போதும் அப்படி இல்லை. பொய்யால் லாபம் வரும் இடங்களும் ஏலத்தில் உண்டு. அதை மறைத்து, 'நேர்மையே எப்போதும் லாபம்' என்று பிள்ளைகளுக்குச் சொன்னால் முதல் அனுபவத்திலேயே அவர்கள் நம்மை நம்ப மாட்டார்கள். பாதை பிரியும் நான்கு இடங்களைப் பார்ப்போம்.

1. வாங்குவோர் கூடிப் பேசிக்கொள்வது. நம் ஊர்ப் பக்கம் கண்மாய் மீன் குத்தகையும் புளியமரக் குத்தகையும் ஏலம் விடுவார்கள். "இந்த வருஷம் நீ கேள், அடுத்த வருஷம் நான் கேட்கிறேன்" என்று முன்பே பேசிக்கொள்வது நட்பாகவே கருதப்படும். அந்த நட்புக்குப் பணம் கொடுப்பவர் யார்? ஊர்ப் பொதுப்பணம்தான். ஏலக்காயில் நடந்தால் கொடுப்பவர் விவசாயி. 2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டம் இத்தகைய கூட்டுக் கேள்வியைப் போட்டிக்குக் கேடானது என்றே முன்கூட்டி அனுமானிக்கிறது.

2. விற்பவர் ஆளை வைத்து விலை ஏற்றுவது. 1930ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 64ஆம் பிரிவு ஏலத்தைப் பற்றியது. முன்பே அறிவிக்காமல் விற்பவர் தாமோ தம் ஆள் மூலமோ கேட்பது சட்டத்துக்கு மாறானது, போலிக் கேள்வியால் விலையை ஏற்றியிருந்தால் வாங்கியவர் அந்த விற்பனையை ரத்து செய்துகொள்ளலாம் என்கிறது. கீழ்வரம்பு விலையை அறிவித்து வைத்துக்கொள்ள விற்பவருக்கு உரிமை உண்டு. அறிவிப்பதற்கும் ஏமாற்றுவதற்கும் உள்ள வேறுபாட்டைச் சட்டமே வகுத்திருக்கிறது.

3. வாங்கிய சரக்கையே மறுபடி ஏலத்துக்குக் கொண்டுவருவது. தொழிலில் இதை 'ரீபூலிங்' என்பார்கள். ஏலக்காய் விவசாயிகளின் அமைப்புகள் இதைப் பற்றிப் பலமுறை முறையிட்டிருக்கின்றன. ஒரே காய் இரண்டு முறை வந்தால் வரத்துக் கணக்கு பெருகித் தெரியும். வரத்து அதிகம் என்றால் விலை தளரும். செடியில் காயே இல்லாத மாதத்திலும் கூடத்தில் மூட்டை குவிந்திருப்பதாகத் தாளில் தெரிந்தால், விவசாயி பயந்து இருப்பதை விற்றுவிடுவார்.

4. கேட்டுவிட்டுப் பணம் கட்டாமல் இழுப்பது. திரையில் விரலை அழுத்துவது வாக்குக் கொடுப்பதற்குச் சமம். அந்தப் பணத்தை நம்பித்தான் விவசாயி கூலி கொடுக்கவும் உரம் வாங்கவும் கடனாளிக்கு நாள் சொல்லவும் செய்கிறார்.

யாருக்கு நட்டம்?

2019 ஆகஸ்ட் மாதம் புத்தடி ஏலத்தில் ஒரு லாட் கிலோ 7,000 ரூபாய்க்குப் போனது. அதுவரை யாரும் கண்டிராத விலை. 2018 வெள்ளத்தில் செடிகள் அழிந்திருந்தன, அடுத்த ஆண்டு மழையும் தள்ளிப்போய்க் காய் குறைந்திருந்தது. தொலைக்காட்சியில் 7,000 என்ற எண் ஓடியது.

அந்த வாரம் ஓர் ஏக்கர் ஏலம் வைத்திருக்கும் எனக்குத் தெரிந்த அம்மாள் ஒருவர் கேட்டார்: "என்ன அண்ணே, டி.வி.யில ஏழாயிரம்ங்கிறாங்க. கடைக்காரர் கொடுக்கிறது எங்கேயோ கீழே நிக்குதே. என்னை ஏமாத்துறாரா?"

நான் அவருக்கு அந்த நான்கு எண்களையும் விளக்கினேன். 7,000 என்பது அதிகபட்ச விலை, அன்றைய மிகச் சிறந்த ஒரு லாட்டுக்குக் கிடைத்தது. ஊர்க்கடையில் பேச வேண்டியது சராசரி விலையை வைத்து. அதிலும் அவருடைய காய் சலித்துத் தரம் பிரிக்காதது. சராசரியிலிருந்து கடைக்காரர் எவ்வளவு கழிக்கிறார், ஏன் கழிக்கிறார் என்று கேட்பதே சரியான கேள்வி. அடுத்த முறை அவர் சராசரி விலையைத் தாளில் எழுதிக்கொண்டுதான் கடைக்குப் போனார்.

இங்கேதான் முழு விஷயமும் இருக்கிறது. அந்த அம்மாள் ஏலக் கூடத்துக்குள் ஒருநாளும் போனவர் அல்லர். 20 கிலோ, 30 கிலோ காய் உள்ளவர்கள் பெரும்பாலும் ஊர்க்கடையில்தான் கொடுப்பார்கள். ஆனால் கூடத்தில் சிலர் அழுத்தும் விலைதான் அவருடைய காய்க்கும் விலை. கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக விடியற்காலையில் ஜீப்பில் ஏறி வேலைக்குப் போகும் தேனி மாவட்டத்துப் பெண்களுக்கு நாளை வேலை உண்டா இல்லையா என்பதும் அதில் அடங்கியிருக்கிறது. கூடத்தில் ஒருவர் பொய்யாகக் கேட்டால், அந்தப் பொய் சராசரியில் கலந்து, அவர் முகம் பார்த்திராத வீடுகளுக்குப் போய்ச் சேர்கிறது.

2020 மார்ச்சில் கொரோனாவால் ஏலம் நின்று, மே மாத இறுதியில்தான் மறுபடி தொடங்கியது. இடைப்பட்ட நாட்களில் காய் இருந்தவர்களுக்கு எதை வைத்து விலை பேசுவது என்றே தெரியவில்லை. துண்டுக்கு அடியில் பேசும் காலம் திரும்பியது போல் இருந்தது. அனைவரும் பார்க்கும் ஒரு விலை என்பது எத்தனை பெரிய பொதுச்சொத்து என்பதை அப்போது உணர்ந்தோம்.

7,000 ரூபாய்க் கதைக்கு ஒரு பின்குறிப்பும் உண்டு. அந்த எண்ணை நம்பிப் பலர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து ஏலம் நட்டார்கள். 2022இல் சராசரி விலை 1,000 ரூபாய்க்கும் கீழே வந்தது. ஒரு நாளின் உச்ச விலையை வைத்துப் பல ஆண்டுத் திட்டம் போடக்கூடாது.

நம் வீட்டுக்கு வரும் ஏலம்

இன்று நம் குடும்பங்கள் அதிகம் எதிர்கொள்வது வங்கிகள் விடும் வீடு, மனை ஏலம். கடன் கட்டாத சொத்தை 2002ஆம் ஆண்டு சர்ஃபேசி சட்டப்படி வங்கி கைப்பற்றி இணையம் வழி ஏலம் விடுகிறது. ஏலக்காயில் கற்றதை இங்கே பொருத்திப் பார்ப்போம்.

1. சாம்பிள் பார்க்க வேண்டும். இத்தகைய விற்பனை பொதுவாக 'உள்ளது உள்ளபடி' என்ற நிபந்தனையோடு வரும். நேரில் போய்ப் பாருங்கள். உள்ளே யார் குடியிருக்கிறார், வில்லங்கம் என்ன, வரியும் மின்கட்டணமும் பாக்கியா, வழக்கு உண்டா என்று விசாரியுங்கள். நல்ல வழக்கறிஞருக்குக் கொடுக்கும் பணம் வீண் செலவாகாது.

2. எல்லையை எழுத வேண்டும். பத்திரச் செலவு, பாக்கிகள், பழுதுபார்ப்பு, கடன் வட்டி எல்லாவற்றையும் கழித்த பிறகு வருவதே உங்கள் விலை. வீட்டில் மனைவி அல்லது கணவரிடம் அந்தத் தாளைக் கொடுத்துவிட்டு உட்காருங்கள். அதைத் தாண்டப் போனால் தடுக்க ஓர் ஆள் வேண்டும்.

3. பணம் தயாராக இருக்க வேண்டும். முன்வைப்புத் தொகையையும் சேர்த்து விலையில் 25 சதவீதத்தை அன்றே அல்லது அடுத்த வேலை நாளுக்குள் கட்ட வேண்டும். மீதி 75 சதவீதத்தைப் பொதுவாக விற்பனை உறுதியான 15 நாட்களுக்குள் கட்ட வேண்டும். தவறினால் கட்டிய பணம் பறிபோகலாம். வங்கிக் கடன் வந்துவிடும் என்ற நம்பிக்கையில் மட்டும் கேட்காதீர்கள்.

4. வென்றவுடன் ஏன் மற்றவர்கள் நின்றார்கள் என்று யோசிப்பதைவிட, கேட்குமுன் யோசிப்பது மலிவு.

5. உறவினருக்காகப் போலியாகக் கேட்டு உதவாதீர்கள். "சும்மா பேருக்கு நாலு தடவை கேள் மச்சான்" என்று யாராவது அழைத்தால் மறுத்துவிடுங்கள். அந்த நாலு தடவைக்கு வேறொரு குடும்பம் பல ஆண்டு தவணை கட்டும்.

வங்கி ஏலத்தில் இன்னொரு நினைப்பும் வேண்டும். அது யாரோ ஒருவர் இழந்த வீடு. விலை நேர்மையாக ஏறினால், கடன் போக மீதி ஏதேனும் இருந்தால் அது அவருக்கே சேரும். வாங்குவோர் கூடிப் பேசி விலையை அமுக்கினால் அவர் இரண்டாம் முறையும் இழக்கிறார். மலிவாக வாங்குவது வேறு, கூடிப் பேசி அமுக்கி வாங்குவது வேறு.

வள்ளுவர் வைத்த இடம்

வாணிகம் செய்வாரைப் பற்றி வள்ளுவர் சொல்லும் குறளை நாம் பொருட்பாலில் தேடுவோம். அது இருப்பதோ அறத்துப்பாலில், 'நடுவு நிலைமை' என்ற 12ஆம் அதிகாரத்தின் கடைசியில். விலை என்பது இருவருக்கு நடுவே நிற்பது. தராசு முள் யார் பக்கமும் சாயாமல் நிற்கும்போதுதான் அதற்கு விலை என்று பெயர். புத்தடித் திரையில் தெரியும் எண்ணும் அப்படி ஒரு முள்தான். அதைத் தொடும் ஒவ்வொரு விரலுக்கும் பொறுப்பு உண்டு.

சிந்திக்கச் சில வினாக்கள்

பெற்றோர் பிள்ளைகளோடு உட்கார்ந்து இவற்றைப் பேசலாம்.

1. மேலே சொன்ன உதாரணத்தில் சலித்தபின் கழிவு 2 கிலோவுக்குப் பதில் 4 கிலோ என்றால் வியாபாரியின் எல்லை என்ன? (விடை: 2,690 ரூபாய்.)

2. அதிகபட்ச விலைக்கும் சராசரி விலைக்கும் இடைவெளி மிகுந்திருந்தால், தரம் பிரிக்காமல் விற்கும் விவசாயிக்கு அது என்ன சொல்கிறது?

3. நம் எல்லையை மறைப்பது சரி என்றோம், போலியாகக் கேட்பது தவறு என்றோம். இரண்டும் மறைவாகச் செய்வதுதானே? வேறுபாடு எங்கே?

4. உங்கள் ஊர்க் குத்தகை ஏலத்தில் நண்பர்கள் முன்பே பேசிக்கொண்டால் யாருடைய பணம் குறைகிறது? அவர்கள் பெயரை எழுதிப் பாருங்கள்.

மூன்றாவது வினாவுக்கு உங்கள் வீட்டில் கிடைத்த விடைகளைச் சங்கத்துக்கு எழுதி அனுப்பலாம். ஊரில் இன்னும் ஏலத்தோட்டம் வைத்திருக்கும் உறவினர்கள் இருந்தால், அடுத்த முறை தொலைபேசியில் பேசும்போது அன்றைய சராசரி விலை தெரியுமா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். தெரியவில்லையென்றால் வாரியம் வெளியிடும் எண்ணைப் பார்த்து நீங்களே சொல்லுங்கள்.